எழுத்தெண்ணிய பாதிரியார்

பெரிய படிப்பாளிகளை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்போம். பேச்சுக்குச் சொல்வதுதான், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தாலியில் ஒருவர் நிஜமாகவே எண்ணினார். பெயர் ராபர்ட்டோ பூஸா. இயேசு சபைப் பாதிரியார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தத்துவ மேதை தாமஸ் அக்வினாஸை டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ந்தார் பூஸா. இறைவனின் 'பிரசன்னம்' பற்றி அக்வினாஸ் என்ன சொல்கிறார்? அந்தச் சொல்லைத் தேடினால் தெரிந்துவிடும் என்று நினைத்தார். ம்ஹூம்! விஷயம் ஒளிந்திருந்தது 'இன்' என்கிற துக்கடா லத்தீன் சொல்லில். நம்முடைய 'இல்', 'உள்' மாதிரி. அதையும் அதோடு ஒட்டிய சொற்களையும் துரத்திக்கொண்டு போய், கையாலேயே 10,000 அட்டைகள் எழுதினார். ஒரு குட்டிச் சொல்லுக்கே இந்தப் பாடு என்றால், அக்வினாஸ் எழுதிய மொத்தத்துக்கும் சொல்லடைவு போடுவது எப்படி?

1949-ல் நியூயார்க் போய், ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்ஸனைப் பார்த்தார். அட்டையில் துளை போட்டு, கம்பெனிக் கணக்குகளைப் பிரித்து அடுக்கும் மெஷின்கள் அவர்களிடம் இருந்தன. ஆனால், 'இது நம்ம மெஷினால் ஆகாது' என்ற ரிப்போர்ட் ஏற்கெனவே வாட்ஸன் மேஜைக்கு வந்துவிட்டது. பாதிரியாரா விடுவார்? வெளியே காத்திருந்தபோது கண்ணில் பட்ட கம்பெனி போஸ்டரைக் கையோடு கொண்டுபோய் நீட்டினார். கஷ்டமான வேலையை உடனே முடிப்போம், முடியாத வேலைக்குத்தான் கொஞ்சம் நேரமாகும் என்று பெருமையடித்த போஸ்டர்! வாட்ஸன் மடங்கினார். 'கம்பெனி பேரை இன்டர்நேஷனல் பூஸா மெஷின்ஸ்னு மாத்திடக் கூடாது' என்பது மட்டும் நிபந்தனை. பூஸாவே பிற்பாடு சொன்ன கதை இது.

மெஷின் வந்தாச்சு, இனிமேல் பாதிரியார் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. 'போனான்', 'போவாள்', 'போகாதே'... எல்லாம் ஒரே வினைச்சொல்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மெஷினுக்கு? லத்தீனிலும் இதே தலைவலி. எது எதன் பிள்ளை என்று மனிதர்கள் உட்கார்ந்து சொல்லவேண்டியிருந்தது. 56 தொகுதிகளும் வந்து முடிய 1980 ஆகிவிட்டது. பூஸா போட்ட கணக்கைக் கேளுங்கள்: மெஷின் ஓடியது 10,000 மணி நேரத்துக்கும் குறைவு. மனித உழைப்பு... 10 லட்சம் மணி நேரத்துக்கும் மேல்!

யாருடைய உழைப்பு? மிலன் பக்கத்தில் கல்லராத்தே என்ற ஊரில் பூஸா நடத்திய மையத்தில், லட்சக்கணக்கான அட்டைகளில் துளை போட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கம்ப்யூட்டரைத் தமிழாசிரியர், லத்தீன் ஆசிரியர் பக்கம் திருப்பிய முன்னோடி என்று உலகம் பூஸாவைக் கொண்டாடியது. 1998-லிருந்து அவர் பெயரில் விருதே தருகிறார்கள். அந்தப் பெண்களின் பெயர்கள்? ரொம்ப காலம் யாரும் கேட்கவில்லை. பழைய போட்டோக்களைப் பார்த்துவிட்டு, ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப்போய்ப் பேசியது 2010-களில்தான். பூஸாவோ 2011-ல், 97 வயதில் காலமானார்.

அந்த 56 தொகுதிகள் 2005-ல் இணையத்துக்கு வந்தன. பூஸா வருடக்கணக்கில் தேடிய 'இன்' இப்போது ஒரு விநாடியில் கிடைக்கும். ஆனால், 'இன்'னைத் தேடு என்று அவருக்கு எந்த மெஷினும் சொல்லவில்லை. பக்கம் பக்கமாகப் படித்த கண்கள்தான் சொல்லின.

ஆகவே ஆசிரியர்களே, உங்கள் மாணவர் கம்ப்யூட்டரின் தயவில் பளபளவென்று ஒரு கட்டுரை கொண்டுவந்தால் கோபப்படாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ எதைத் தேடினே, ஏன் தேடினே?"

பதில் வந்தால், பையன் தேறிவிடுவான்!