கோயம்புத்தூரில் ஒரு புள்ளி: ஒரு லீக்கின் கடைசி வாரங்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஆறுதலாக வாசியுங்கள். பந்து விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று நமது பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு மைதானமும் ஒரு அணியும் இருக்கும். ஆனால் நாம் நடத்துவது பெரும்பாலும் ஒருநாள் சுற்றுப்போட்டி. தோற்றவர் வெளியேற வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் தோற்ற அணி பத்து மணிக்கு வீட்டில் நிற்கும். மாலையில் ஒருவர் கிண்ணத்தைத் தூக்குவார். அடுத்த ஆட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

லீக் என்பது வேறு. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரண்டு தடவை ஆட வேண்டும், ஒன்று சொந்த மைதானத்தில், மற்றது எதிரணியின் மைதானத்தில். வென்றால் 3 புள்ளி, சமநிலை என்றால் 1. இன்று தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. மாதக் கணக்கில் செய்த நல்லதும் கெட்டதும் கடைசி வாரங்களில் கணக்குக்கு வரும். அப்படிக் கணக்குத் தீர்ந்த ஒரு கதையைத்தான் இன்று எழுதுகிறேன். நடந்த இடம் கோயம்புத்தூர், ஆண்டு 2019.

கோயம்புத்தூர் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் தோட்டங்களிலிருந்து கப்பலேறிய எத்தனையோ குடும்பங்கள் நீலகிரி மலையில், கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறின. அந்த மலைக்குக் கீழே இருக்கும் பெரிய நகரம் கோயம்புத்தூர். பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். இந்தியாவில் கால்பந்து என்றால் கொல்கத்தா, கோவா, கேரளா என்றுதான் சொல்வார்கள். கோயம்புத்தூர் அந்த வரிசையில் வராது.

சென்னை சிட்டி என்ற கழகம் 1946இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் தொடங்கியது. 2016–17 பருவத்தில் ஐ-லீக் என்ற தேசிய லீக்குக்குள் நுழைந்தது. பிறகு கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு மைதானத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. முதல் இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப் பாதியிலேயே கிடந்தது. அணியின் சிறந்த வீரராக இருந்தவர் குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். 2018இல் பெரிய கழகம் ஒன்று அவரையும் அழைத்துக்கொண்டது.

இருந்த ஒரு நட்சத்திரமும் போன பிறகு இந்த அணியை யார் கணக்கில் எடுப்பார்கள்? பயிற்றுவிப்பாளராகச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த, யாருக்கும் பெயர் தெரியாத சில வீரர்களை எடுத்தார்கள். அவர்களோடு எட்வின், ரெஜின், ரொமாரியோ, அஜித்குமார் போன்ற இளைஞர்கள் சேர்ந்து ஆடினார்கள். வந்தவர்களில் ஒருவரான பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் மட்டும் 21 கோல் அடித்தார்.

மொத்தம் 11 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள். 2018 ஒக்டோபரில் தொடங்கிய பருவம் 2019 பெப்ரவரி முடியும்போது சென்னை சிட்டி முதலிடத்தில் நின்றது. பின்னால் துரத்தி வந்தது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். 1920இல் தொடங்கிய கழகம். இலட்சக் கணக்கில் ஆதரவாளர்கள். ஆனால் 2004க்குப் பிறகு தேசிய லீக் பட்டம் அவர்கள் கைக்கு வரவில்லை. நூற்றாண்டு நெருங்கும் நேரத்தில் அந்தப் பசி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக ரியல் காஷ்மீர் என்ற புதிய அணியும் போட்டியில் இருந்தது. பெப்ரவரி 14ஆம் திகதி புல்வாமாவில் நடந்த குண்டுத் தாக்குதலில் துணை இராணுவத்தினர் 40 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு ஸ்ரீநகருக்கு வந்து ஆட மற்ற அணிகள் தயங்கின. சொந்த ஊரில் ஈஸ்ட் பெங்காலோடு ஆட வேண்டிய ஆட்டத்தை ரியல் காஷ்மீர் டெல்லியில் ஆட வேண்டி வந்தது. பெப்ரவரி 28இல் நடந்த அந்த ஆட்டத்தில் 2–1 என்று தோற்றது. யுத்தத்தையும் குண்டையும் பார்த்த நாடு நமது. பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று ஒரு அணியின் உழைப்பை எப்படிக் கலைத்துப் போடும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இப்போது கணக்கு. 18 ஆட்டங்களின் முடிவில் சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 36. இரு அணிகளுக்கும் மீதம் இரண்டு ஆட்டங்கள். மார்ச் 1ஆம் திகதி சொந்த மைதானத்தில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியை வென்றால் சென்னை சிட்டி அன்றே சம்பியன். ஊரே திரண்டு வந்தது. ஆனால் 3–2 என்று தோற்றார்கள். இரண்டு நாள் கழித்து ஈஸ்ட் பெங்கால் 1–0 என்று வென்றது. 40க்கு 39. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. மீதம் ஒரே ஒரு ஆட்டம்.

மார்ச் 9, சனிக்கிழமை. கோயம்புத்தூரில் சென்னை சிட்டியும் மினெர்வா பஞ்சாபும். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும். இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின.

ஏன் ஒரே நேரத்தில்? இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய வலி இருக்கிறது. 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வீழ்த்தி உலகத்தை வியக்க வைத்தது. தன் கடைசி ஆட்டத்தையும் வென்றது. அடுத்த நாள் மேற்கு ஜெர்மனியும் ஒஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவருக்குமே அடுத்த சுற்று, அல்ஜீரியா வீட்டுக்கு. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன் பிறகு இரு அணிகளும் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தின. அல்ஜீரியா வெளியேறியது. அடுத்த உலகக் கிண்ணத்திலிருந்து குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கத் தொடங்கினார்கள். லீக்குகளிலும் கடைசி நாளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோயம்புத்தூருக்கு வருவோம். மூன்றாவது நிமிடத்திலேயே மினெர்வா கோல் அடித்துவிட்டது. மைதானம் அமைதியானது. இடைவேளையில் கோயம்புத்தூரில் 0–1, கோழிக்கோட்டில் 0–0. அந்த நேரத்துக் கணக்குப்படி இரு அணிகளுக்கும் 40 புள்ளி. கொல்கத்தா அணி ஒரு கோல் அடித்தால் போதும், பட்டம் கை மாறிவிடும்.

56ஆம் நிமிடத்தில் சென்னை சிட்டிக்குப் பெனால்டி. மான்சி அடித்தார், 1–1. 69ஆம் நிமிடத்தில் கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்தார். இவர் தேயிலைக்குப் பெயர் போன அசாம் மாநிலத்துப் பையன். கோல் அடிப்பதற்காக அணியில் எடுக்கப்பட்டவர் அல்லர், தடுத்து ஆடுபவர். அங்கே கோழிக்கோட்டில் முதலில் கோகுலம் கோல் அடித்தது. ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. பெனால்டி மூலம் சமன் செய்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது 2–1 என்று முன்னுக்கு வந்துவிட்டது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. கோயம்புத்தூரில் மினெர்வா இன்னொரு கோல் போட்டால் சென்னை சிட்டி 41க்கு இறங்கும், பட்டம் கொல்கத்தாவுக்குப் போகும். அந்தக் கடைசி நிமிடங்கள் ஒரு வருடம் போல நீண்டிருக்கும். மேலதிக நேரத்தில் அதே போரா இன்னொரு கோல் அடித்தார். 3–1. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று முதல் தடவையாக ஐ-லீக் சம்பியன் ஆனது.

கடைசி நாளில் வென்றார்கள் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது வேறு. அந்தப் பருவத்தில் சென்னை சிட்டியும் ஈஸ்ட் பெங்காலும் இரண்டு தடவை நேருக்கு நேர் ஆடின. நவம்பரில் கொல்கத்தாவில், ஜனவரியில் கோயம்புத்தூரில். இரண்டிலும் 2–1 என்று வென்றது சென்னை சிட்டி. அந்த இரண்டில் ஒன்று சமநிலையில் முடிந்திருந்தால்? சென்னை சிட்டிக்கு 41, ஈஸ்ட் பெங்காலுக்கு 43. போராவின் இரண்டு கோலாலும் பிரயோசனம் இருந்திருக்காது. மார்ச்சில் தூக்கிய கிண்ணத்தில் பாதி, யாரும் பெரிதாகப் பேசாத நவம்பரில் சம்பாதித்தது. பரீட்சைக்கு முந்திய வாரம் மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இனிப்பாக இருந்திருக்கும். முடியவில்லை.

அதே 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் கழகம் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தார்கள். ஆனால் அடுத்த பருவத்திலிருந்து இந்தியாவின் முதல்நிலை லீக் என்ற இடம் இந்தியன் சூப்பர் லீக்குக்குப் போய்விட்டது. அப்போது ஐ-லீக்கில் சம்பியன் ஆனாலும் மேலே ஏறப் படி இருக்கவில்லை. 2020 ஜனவரியில் ஆசியச் சம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்தைச் சந்தித்தார்கள். அந்த ஆட்டம்கூடக் கோயம்புத்தூரில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. 0–1 தோல்வி. பிறகு கொரோனா. 2021க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இதோடு ஒப்பிட இன்னொரு சின்ன ஊரைச் சொல்கிறேன். சுவீடனின் தெற்குக் கரையில் மியால்பி. ஏறத்தாழ 1,400 பேர் வாழும் இடம். நமது ஒரு பெரிய தோட்டத்தின் சனத்தொகை. கழகத்தின் மைதானம் இருப்பது பக்கத்து மீனவக் கிராமத்தில், கடல் ஓரமாக. 2016இல் இந்தக் கழகம் மூன்றாம் நிலை லீக்கில், கடனில், மூடிவிடுவார்களோ என்ற நிலையில் கிடந்தது. 2018இல் ஒரு படி ஏறியது. 2019இல் இன்னொரு படி. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி கொதென்பர்க் நகரத்தின் பெரிய கழகத்தை 2–0 என்று வென்று, இன்னும் மூன்று ஆட்டங்கள் மீதம் இருக்கும்போதே நாட்டின் சம்பியன் ஆனது. 30 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி. 75 புள்ளி, அந்த லீக்கில் அதுவே சாதனை. பயிற்றுவிப்பாளர் அன்டர்ஸ் டோர்ஸ்டென்சன் முன்பு ஒரு பாடசாலை அதிபர். ஆசிரியர்களான எங்களுக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் அதிகம்!

இரண்டும் சின்ன அணிகள். இரண்டும் பெரியவர்களை வென்றன. ஒன்று மறைந்தது, மற்றது வீழ்ந்தும் எழுந்தது. ஏன்? எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, சுவீடனில் படி இருக்கிறது. கீழே இறங்கலாம், மீண்டும் ஏறலாம். மற்றது, 1999இலிருந்து அங்கே ஒரு விதி: கழகத்தை நடத்தும் கம்பனியில் பெரும்பான்மை வாக்கு அங்கத்தவர்களின் சங்கத்திடம்தான் இருக்க வேண்டும். 51 சதவீத விதி என்பார்கள். பணக்காரர் பணம் போடலாம், தலைவராகவும் வரலாம். ஆனால் கழகத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் ஒரு அங்கத்தவருக்கு ஒரு வாக்கு.

நமது நாட்டைப் பாருங்கள். 2021இல் பத்து அணிகளோடு சூப்பர் லீக் நடந்தது. மலையகத்தின் பெயரோடு நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் ஆடியது. களுத்துறையின் புளூ ஸ்டார் சம்பியன் ஆகி, 2022 ஏப்ரலில் கொல்கத்தா வரை போய் ஆடியது. அடுத்த ஜனவரியில் ஃபிஃபா இலங்கைக்குத் தடை விதித்தது. ஓகஸ்ட் வரை நீடித்தது. மேலே நிர்வாகம் ஆடினால் கீழே பிள்ளைகளின் பந்து நின்றுவிடும்.

நமது தோட்ட அணிகளின் கதை என்ன? ஜேர்சி ஒரு முதலாளி தருவார், அல்லது தேர்தல் காலத்தில் ஒரு அரசியல்வாதி தருவார். அவர் இருக்கும்வரை அணி இருக்கும். உதவி செய்பவரை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு ஆளின் சட்டைப்பையில் இருக்கும் அணி, அந்த ஆளோடு போய்விடும். கோயில் கமிட்டியையும் பள்ளிவாசல் ஜமாஅத்தையும் மரண உதவிச் சங்கத்தையும் தலைமுறை தலைமுறையாக நடத்தத் தெரிந்த சனம் நாம். ஒரு பந்து அணியை அப்படி நடத்த முடியாதா?

என் யோசனை இது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஐந்து அணிகள் சேரட்டும். ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு தடவை ஆடினால் மொத்தம் 20 ஆட்டம். ஞாயிற்றுக்கு இரண்டு ஆட்டம் என்றால் பத்து வாரம். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை சரியாக இருக்கும். வரும் சில வருடங்களுக்கு நோன்பும் அந்தப் பருவத்திலேயே வருகிறது. காலையில் நேரத்தோடு ஆட்டத்தை வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் ஆடலாம். ஒவ்வொரு அணிக்கும் அங்கத்தவர் பட்டியல், மாதம் 100 ரூபாய் சந்தா. 60 வீடு சேர்ந்தால் மாதம் 6,000 ரூபாய். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும். புள்ளிப் பட்டியலைக் கடைச் சுவரில் மாணவர்களே எழுதட்டும், கணித பாடமும் ஆகும். கடைசி இரண்டு ஆட்டங்களை மட்டும் ஒரே நேரத்தில் வைப்போம். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கிண்ணம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. முதல் ஞாயிறு தோற்ற பையனுக்கு அடுத்த ஞாயிறும் ஒரு ஆட்டம் இருக்க வேண்டும். அடுத்த வருடமும் அந்த அணி இருக்க வேண்டும்.

எந்தத் தோட்டம் முதலில் பெயர் கொடுக்கப் போகிறீர்கள்? கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், கூடிப் பேசுவோம்.