கிறிஸ்துமஸ் தாத்தாவும் பொதிகை வள்ளலும்

மார்கழி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைத் தெருக்களில் இரவு வெகுநேரம் வரை மேள ஓசை கேட்கும். கீத பவனிக் குழுவினருக்கு முன்னால், சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாய் ஒருவர் ஆடி வருவார். பிள்ளைகளுக்கு மிட்டாய் தருவார். முகமூடிக்குள் இருப்பவர் யாரென்று எவரும் கேட்பதில்லை.

இவருடைய மூலவர், இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த மிரா நகரின் ஆயர் நிக்கொலாஸ், நான்காம் நூற்றாண்டினர். மூன்று பெண்மக்களை மணமுடித்துக் கொடுக்க வழியற்று நின்ற ஓர் ஏழைத் தந்தையின் வீட்டினுள், இரவில் எவரும் அறியாமல் பொன்முடிப்புகளை எறிந்து சென்றார் என்பது அவரைப் பற்றிய தொன்மக் கதை. டச்சுக்காரர் அவரைச் 'சின்டர்கிளாஸ்' என்றனர்; அமெரிக்காவில் அப்பெயர் 'சாண்டா கிளாஸ்' எனத் திரிந்தது. 1823இல் அங்கு வெளியான ஒரு கவிதையும், 1863 முதல் தாமஸ் நாஸ்ட் வரைந்த சித்திரங்களும், 1931இல் தொடங்கிய கொக்கோ கோலா விளம்பரங்களும் இன்றைய உருவத்தை உலகெங்கும் நிலைநிறுத்தின.

பாளையங்கோட்டையில் 1778இல் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயம் 1785ஆம் ஆண்டினது. ஆக, தாடி நரைத்த இத்தாத்தா நம்மூர்க் கோயிலைவிட வயதில் இளையவர்!

ஆங்கிலேயர் 'கிறிஸ்துமஸ் தந்தை' என்றழைத்தவரைத் தமிழர் தாத்தா ஆக்கிக்கொண்டனர். கண்டிப்பது தந்தையின் கடன். மடியில் முடிந்து வைத்துக் கொடுப்பது தாத்தாவின் உரிமை. அன்றியும், தெய்வத்தின் திருவிழாவையே 'கொடை' என்று வழங்கும் மண் இது. பொதிகைச் சாரலை ஆண்ட ஆய் அண்டிரனை, மறுமைப் பயன் கருதிக் கொடுக்கும் வணிகன் அல்லன் என்று முடமோசியார் போற்றினார். மிராவின் ஆயரும் அவ்வினத்தவரே. பெறுபவர் நாணக்கூடாது என்பதற்காகவே அவர் இருளில் வந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்தவிருந்தாள். யாரோ ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் சென்றுவிட்டார். இன்று அவளும் ஓர் ஆசிரியை. கொடுத்தவர் எம்மதத்தவர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

குழல்விளக்கின் ஒளியை மறைத்து உபயதாரர் பெயரெழுதும் காலம் இது. அந்த முகமூடி வேடிக்கைக்கு மட்டுமன்று எனத் தோன்றுகிறது. மிட்டாய் பெறும் பிள்ளைகளுக்கு அந்தப் பொன்முடிப்பின் கதையையும் சொல்வோமா?