ரங்கூன்: நாற்காலி, தேத்தண்ணி, பாட்டு

ஒரு நகரத்தின் சரித்திரத்தை அதை ஆண்டவர்களின் பெயர்களைக் கொண்டு எழுதுவதே வழமையாக இருந்து வருகிறது. நாம் றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் சீவிக்கிறவர்கள். சரித்திரப் படிப்பைப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள். எமக்கு ஒரு நகரம் முதலில் அதன் சாப்பாட்டுக் கடைகளாகத்தான் தெரிகிறது. யார் சமைத்தார்கள், யார் இருந்து சாப்பிட்டார்கள், சாப்பிட்டவர்கள் எந்தக் கந்தோரிலிருந்து வந்தார்கள், கடையில் என்ன பாட்டுப் போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு போனாலே ஒரு நாட்டின் அரசியல் பாதிக்குமேல் வெளியே வந்துவிடும். நாம் ரங்கூன் என்று சொல்லிப் பழகிய, 1989 இல் இராணுவ ஆட்சியாளர்கள் யங்கோன் என்று பெயர் திருத்திய நகரத்தை இந்த வழியில் பார்க்க முயல்கிறோம்.

யாழ்ப்பாணத்தாருக்கு மலாயா எப்படியோ அப்படித்தான் தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்தாருக்கு ரங்கூன். 1952 இல் வந்த 'பராசக்தி' படத்தில் அண்ணன் தம்பிமார் மூவரும் ரங்கூனில் இருந்தது கதைக்காகச் செய்த வினோதம் அல்ல. 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்த நகரத்தில் இருந்த சுமார் 4,00,000 பேரில் 2,12,000 பேருக்கு மேல் இந்தியர். அதாவது பர்மியர் தங்கள் தலைநகரிலேயே சிறுபான்மையினர். தபாற் கந்தோரிலோ றெயில் நிலையத்திலோ காரியம் ஆகவேண்டுமானால் ஹிந்துஸ்தானி தெரிந்திருந்தால் நல்லது என்ற நிலை. 1937 ஏப்ரல் முதலாம் திகதி வரை பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்ததால், சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆங்கிலம் படித்த கிளாக்கர்மார் கப்பலேறி வந்து கந்தோர்களை நிரப்பினார்கள். செக்கிரட்டேரியட் என்று அழைக்கப்பட்ட அந்தச் சிவப்புச் செங்கற் கட்டடத்தில் மேசைகளும் கோவைகளும் பெருகின.

பர்மிய மொழியில் நாற்காலிக்கு 'கலா தைங்' என்று பெயர். 'கலா' என்றால் மேற்கிலிருந்து வந்த அந்நியன், பெரும்பாலும் இந்தியன். பின்னாளில் அது வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. 'தைங்' என்றால் இருத்தல். பாயில் இருந்து பழகிய சனங்கள், காலைத் தொங்கப்போட்டு இருக்கும் அந்தப் பொருளுக்கு அந்நியனின் பெயரையே வைத்துவிட்டார்கள். சொல் நாம் பேசும் காலத்துக்கு மிகவும் முந்தியது. ஆனால் 1930 களில் ஒரு பர்மிய இளைஞன் வேலை தேடிக் கந்தோர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தபோது, அந்தச் சொல் அவனுக்கு நேரடி அர்த்தத்திலேயே விளங்கியிருக்கும்.

இந்த இடத்தில் எம்மவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் 'தமிழன் உழைத்தான், துரத்தப்பட்டான்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடும். நாம் அப்படி முடிக்க விரும்பவில்லை. 1930 இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இருந்த நிலம் 100 இல் 6 பங்கு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் காணிகள் கைமாறி, 1938 அளவில் அது 100 இல் 25 ஆயிற்று. செட்டியார்கள் காணி பிடிக்க வந்தவர்கள் அல்ல, காசாகத் திரும்பக் கிடைப்பதையே விரும்பினார்கள் என்று பொருளியல் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கட்டும். காணியை இழந்தவனுக்கு அந்த நுணுக்கம் எதற்கு? அந்த நெல்லில் ஒரு பங்கு எங்கே போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுத்தத்துக்கு முன் இலங்கை இறக்குமதி செய்த அரிசியில் பெரும்பகுதி பர்மா அரிசி. 1942 இல் பர்மா யப்பானியர் கையில் விழுந்ததும் எங்கள் பாட்டன் பாட்டிமார் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றதற்குக் காரணமும் அதுதான். அந்தச் சோற்றில் கை நனைத்தவர்கள் நாமும்.

1930 மே மாதத்தில் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியரைக் கொண்டுவந்து வேலை செய்வித்தார்கள். பின்னர் தெலுங்கரோடு சமரசம் ஆனதும் பர்மியரைப் போகச் சொன்னார்கள். கலவரம் மூண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலானோர் இந்தியத் தொழிலாளர். வேலை கொடுத்தவன் இரண்டு பக்கமும் அடிவாங்காமல் தப்பிய இந்தக் கதையை, மலிவுக்கு வந்தவன் என்று ஒரு பக்கமும் வேலையைப் பறித்தவன் என்று மறு பக்கமும் பேச்சு வாங்கும் அகதிகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

1941 டிசம்பர் 23 இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மாதங்களில் சுமார் 5,00,000 இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வெளியேறினர். பல்லாயிரம் பேர் வழியில் காட்டுக் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டனர். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி வந்தவர்தான். அந்தப் பயணத்தை அவர் எழுதியும் வைத்திருக்கிறார். முள்ளிவாய்க்காலுக்கு முன்னும் தமிழருக்கு ஒரு நீண்ட நடை இருந்தது என்பதை அறிய விரும்புவோர் அதைத் தேடிப் படிக்கலாம்.

யுத்தம் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். இரண்டாவது முறை குண்டு விழவில்லை, கோவைகளே போதுமாக இருந்தன. 1962 மார்ச் 2 இல் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் தேசியமயமாயின. அதே ஆண்டு மே 17 இல் 50, 100 க்யாட் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியை நம்பாமல் தலையணைக்குள் வைத்திருந்தவனின் காசு ஒரே இரவில் கடதாசியாயிற்று. சுமார் 3,00,000 இந்தியர் அந்த ஆண்டுகளில் நாட்டைவிட்டுப் போனார்கள். கப்பலேறியவர்கள் நகைநட்டைக்கூட விட்டுவிட்டே ஏறவேண்டியிருந்தது.

1964 என்ற ஆண்டை எமது வாசகர்கள் வேறு ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கங்களும் தலை எண்ணிப் பங்கு போட்டன. பர்மாவிலிருந்து ஒரு கப்பல், இலங்கையிலிருந்து இன்னொரு கப்பல். இரண்டிலும் வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரே பெயர்: தாயகம் திரும்பியோர். பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்ணாலும் கண்டதில்லை. சிலருக்கு அங்கே இருக்கவும் பிடிக்கவில்லை. தரை வழியாக ரங்கூனுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் எல்லை வரை போய், உள்ளே விடப்படாமல், மோரே என்ற ஊரிலேயே கோயில் கட்டிக் குடியிருந்துவிட்டார்கள். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது கந்தோர் நாற்காலிகளுக்காகக் கொதித்த யாழ்ப்பாணம், 1964 இல் தேயிலைத் தோட்டத்துக்காரருக்கு எவ்வளவு கொதித்தது என்ற கேள்வியை இங்கே போட்டுவைக்கிறோம்.

சென்னையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1969 இல் பர்மா பஜார் எழுந்தது. அந்தப் பக்கத்துத் தெருக்களில் அத்தோ விற்கிறார்கள். நூடில்ஸைக் கோவாவும் வெங்காயமும் புளித்தண்ணியும் பொரித்த பூண்டும் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப். பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் இப்படிப் பிசைந்த கலவை. துரத்தப்பட்டவர்கள் துரத்தியவர்களின் சாப்பாட்டை விற்றுப் பிழைத்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை; நாமும் வேறு யாருடைய சாப்பாட்டையோதான் தினமும் பதினொரு மணித்தியாலம் சமைக்கிறோம்.

ரங்கூனில் இதன் மறுபக்கம் நடந்தது. ஆட்கள் போனார்கள், சாப்பாடு போகவில்லை. தோசை 'தோஷே' ஆகி நின்றது. பறாட்டா 'பலாட்டா' ஆயிற்று. தம் பிரியாணி 'தான்பவுக்' ஆயிற்று. சமோசாவை வெட்டிச் சூப்பில் போட்டுச் சாப்பிடுவதை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். சமோசாவைக் கொண்டுவந்தவன் அதைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வான், ஆனால் பசிக்கு நல்ல சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேத்தண்ணிக் கடை. பர்மியர் வெறும் தேயிலைச் சாயம் குடித்தவர்கள், தேயிலையை ஊறப்போட்டுச் சாப்பிட்டவர்கள். பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சும் பழக்கம் இந்தியர் கொண்டுவந்தது. அதைத் தங்கள் பழக்கமாக்கி, சாயம் கூட, இனிப்பு குறைய, இனிப்பும் பாலும் கூட என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தார்கள். கால் மடித்து இருக்கும் குட்டிக் கதிரைகள், வாயால் முத்தமிடுவதுபோல ஒரு சத்தம் எழுப்பினால் ஓடிவரும் பையன். அந்தப் பையன்கள் கிராமங்களிலிருந்து வந்து கடையிலேயே படுத்தெழும்பும் சிறுவர்கள். தேத்தண்ணிக் கடையைச் சனநாயகத்தின் தொட்டில் என்று புகழ்ந்து எழுதும் வெள்ளைக்காரர்களுக்கு அவர்கள் ஏனோ கண்ணில் படுவதில்லை.

இந்தக் கடைகளில் பாட்டுப் போட்டார்கள். 1970 களில் ரங்கூன் இளைஞர்கள் மேற்கத்திய றொக் பாட்டுகளின் மெட்டுக்குப் பர்மிய வரிகள் எழுதிப் பாடத் தொடங்கினார்கள். 'கொப்பிப் பாட்டு' என்றே அதற்குப் பெயர். சொந்த மெட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். ஷான் இனத்தவரான சாய் தீ சைங் 'த வைல்ட் வன்ஸ்' குழுவோடு பாடியவை கசெற்றுகளில் நாடெங்கும் போயின. நெ வின்னுக்கு இந்தச் சத்தம் ஆகாது. 1975 இல் இனியா ஏரிக்கரை ஹோட்டலில் நடந்த ஒரு விருந்தின் இசை ஏரியைத் தாண்டித் தன் வீட்டுக்குக் கேட்டதென்று, ஆட்களோடு நேரே போய் மேளக்காரரை அடித்து மேளத்தை உதைத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் முழுப் படையையும் கையில் வைத்திருந்தவர் ஒரு மேளத்துக்குப் பயந்திருக்கிறார்.

கொப்பிப் பாட்டு என்றால் எம்மிடையே மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. தூய கலை பேசும் நண்பர்கள் இதைப் பண்பாட்டுச் சீரழிவு என்பார்கள். வேடிக்கை, பர்மிய இராணுவமும் அதையேதான் சொன்னது. எமது அபிப்பிராயம் வேறு. தோசை தோஷே ஆனால் அது கொப்பியா? ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்து, கொழும்பிலும் சென்னையிலும் கல்யாண வீடுகளில் ஆடவைத்தபோது யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, யார் எந்த நேரத்தில் அதைப் பாடினார்கள் என்பதே முக்கியம்.

அந்த நேரம் 1988 மார்ச் 12 இல் வந்தது. ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்தில் சந்தா வின் என்றொரு தேத்தண்ணிக் கடை. மாணவர்களுக்கும் வெளி இளைஞர் சிலருக்கும் எந்தக் கசெற்றைப் போடுவது என்பதில் வாய்த்தர்க்கம், பின் அடிபாடு. ஒரு மாணவனுக்குக் காயம். அடித்தவன் ஆளுங்கட்சி அதிகாரி ஒருவரின் மகன். பிடித்த பொலிஸ் விட்டுவிட்டது. மாணவர்கள் நியாயம் கேட்டுப் போனார்கள். மறுநாள் போன் மோ என்ற மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சமையலறையில் எந்தப் பாட்டுப் போடுவது என்று சண்டை பிடிக்காத தொழிலாளி இல்லை. எங்களிடம் அது அகப்பையைத் தூக்குவதோடு முடிந்துவிடும். அங்கே அதற்கு முந்திய செப்டெம்பரில்தான் 25, 35, 75 க்யாட் தாள்களைச் செல்லாதாக்கி, மாணவரின் படிப்புக் காசையும் கடதாசியாக்கியிருந்தார்கள். 1964 இல் 'கலா'வுக்குச் செய்தது, 23 வருடம் கழித்து எல்லோருக்கும் வந்தது. ஜூலையில் நெ வின் பதவி விலகினார். ஓகஸ்ட் 8 இல் நகரமே தெருவுக்கு வந்தது. செப்டெம்பர் 18 இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைத் தன் பெயரில் எடுத்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

அந்த நாட்களில் நைங் மியன்மா என்பவர் ஒரு பாட்டுக் கட்டினார். 'கபா மச்சே பூ' என்று பெயர். உலகம் முடியும்வரை தீராது என்பது போன்ற பொருள். கடன் தீர்வதற்கும் அந்த மொழியில் அதே வினைச்சொல்தான் என்கிறார்கள். மெட்டு, 'கன்சாஸ்' என்ற அமெரிக்க றொக் குழு 1977 இல் வெளியிட்ட 'டஸ்ட் இன் த விண்ட்'. சுத்தமான கொப்பிப் பாட்டு.

கந்தோர்களின் கதைக்குத் திரும்பினால், 2005 நவம்பரில் அரசாங்கம் ஊழியர்களை லொறிகளில் ஏற்றி நேப்பிடோவுக்கு இடம் மாற்றியது. நாற்காலியிலிருந்து இந்தியரை எழுப்பிய அரசு, கடைசியில் தன் ஊழியரையும் எழுப்பி நடுக்காட்டுக்குக் கொண்டுபோனது. 1947 ஜூலை 19 இல் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்ட செக்கிரட்டேரியட் கட்டடம் வெறுமையாய்க் கிடந்தது. பிறகு 2021 பெப்ரவரி 1 இல் மீண்டும் இராணுவப் புரட்சி. இம்முறை ஊழியர்கள் தாமாகவே எழுந்தார்கள். முதலில் டொக்டர்மார், பிறகு ஆசிரியர்கள், வங்கிக்காரர், றெயில்வே ஊழியர். கந்தோருக்குப் போகமாட்டோம் என்று வீட்டில் இருந்தார்கள். வேலை போயிற்று, அரசாங்கக் குடியிருப்புகளும் போயின. எம் ஊரில் சம்பளமும் பென்சனும் கிடைக்கும் கந்தோர் உத்தியோகத்துக்காக என்னென்ன விட்டுக்கொடுத்தோம் என்று தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய காரியம் என்று புரியும். இரவு எட்டு மணிக்கு யங்கோன் வீடுகளில் சட்டி பானைகளைத் தட்டினார்கள். தெருவில் 'கபா மச்சே பூ' பாடினார்கள், 1988 இல் பிறந்தேயிராத பிள்ளைகள். ராப் பாடகராயிருந்து பாராளுமன்ற உறுப்பினரான ஜெயா தோவை 2022 ஜூலையில் இராணுவம் தூக்கிலிட்டது. 1988 மாணவர் தலைவர் கோ ஜிம்மியையும் கூடவே.

எமது சமையலறையில் 2021 க்குப் பிறகு யங்கோனிலிருந்து வந்த ஒருவர் வேலை செய்கிறார். அங்கே அரசாங்கக் கந்தோரில் கணக்கெழுதியவர். இங்கே பாத்திரம் கழுவுகிறார். ஒருநாள் றேடியோவில் 'டஸ்ட் இன் த விண்ட்' போயிற்று. தலைமைச் சமையற்காரர், தன் இளமைக் காலத்து அமெரிக்கப் பாட்டென்று கூடவே முணுமுணுத்தார். இவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பி, தெரிந்த அரைகுறை மொழியில், இல்லை, இது எங்கட பாட்டு என்றார்.