கறுப்பினக் கல்லூரிகளும் முன்னாள் மாணவர் நன்கொடையும்

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கென 1964-க்கு முன் நிறுவப்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இன்று ஏறத்தாழ 100 இயங்குகின்றன. அவை அனைத்தின் அறக்கட்டளை மூலதனத்தைக் கூட்டினாலும் ஹார்வர்டு ஒன்றின் கையிருப்பை நெருங்காது. இதற்கு முன்னாள் மாணவர்கள் கொடுப்பதில்லை என்று குறை சொல்வது எளிது, நியாயமல்ல. தலைமுறைச் சொத்து இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கல்விக்கடனையும் அடைத்து, குடும்பத்தையும் தாங்கிய பிறகே படித்த இடத்துக்கு ஏதேனும் மிஞ்சுகிறது.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரிலுள்ள பென்னட் மகளிர் கல்லூரியின் கதை, அந்தக் குறை நியாயமல்ல என்பதற்குச் சான்று. நிதிநிலை சரியில்லை என்று 2018 டிசம்பரில் அங்கீகாரத்தை இழக்கும் நிலை வந்தது. 50 லட்சம் டாலர் இலக்கு வைத்துக் கையேந்தியது கல்லூரி. முன்னாள் மாணவியர், தேவாலயங்கள், முகமறியாத பலர் என எல்லோரும் கொடுக்க, சில வாரங்களில் 80 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. பக்கத்து ஹை பாயிண்ட் பல்கலைக்கழகம் மட்டும் 10 லட்சம் தந்தது. அப்படியும் அங்கீகார அமைப்பு மசியவில்லை; வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

தனித்தனியாகக் கேட்டால் எடுபடாது என்பதை டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்லூரியின் தலைவர் ஃபிரெடரிக் பேட்டர்சன் முன்பே உணர்ந்திருந்தார். அவர் முன்னெடுத்த கூட்டு நிதியமான ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியம் 1944-இல் பிறந்தது.