ஒரு மாணவரின் கேள்வி

அளவெடுப்பதில் பிழையை எவ்வளவு குறைத்தாலும் ஓர் எல்லைக்குக் கீழே போக முடியாது. இதை நிறுவியவர்களில் ஒருவர் நம் நாட்டுப் புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ்.

கல்கத்தாவில் அவர் ஃபிஷரின் விதியைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "தரவுகள் ஏராளமாக இருந்தால் சரி, கொஞ்சமாக இருந்தால்?" என்ற பொருளில் ஒரு மாணவர் கேட்டார். அன்றிரவே ராவ் விடை கண்டார். 1945-ல் அது கட்டுரையாக வந்தது. சுவீடனின் க்ராமரும் தனியாக அதே முடிவுக்கு வந்ததால் 'க்ராமர்-ராவ் எல்லை' என்று பெயர்.

1967-ல் ஹெல்ஸ்ட்ராம் இதைக் குவாண்டம் உலகுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரே ஃபோட்டானை எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் தகவல் கூடும், குறையும். எப்படி அளந்தாலும் தாண்ட முடியாத உச்சத் தகவல் எவ்வளவு என்பதை 1994-ல் பிரான்ஸ்டீனும் கேவ்ஸும் தெளிவாக்கினார்கள். நம் கருவி எடுத்த தகவலை அந்த உச்சத்தால் வகுத்தால் கருவியின் திறன் தெரியும். 1 வந்தால் எதுவும் வீணாகவில்லை. 0.5 என்றால் அதே துல்லியத்துக்கு இரு மடங்கு ஃபோட்டான்கள் வேண்டும்.

ராவ் 2023-ல் 102 வயதில் காலமானார். கேள்வி கேட்ட மாணவர், பின்னாளில் பொருளாதார அறிஞராகப் புகழ்பெற்ற வி.எம்.தாண்டேகர். க்ராமர், ராவ் பெயர்களோடு அவர் பெயரையும் நான் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.