இரவு மூன்று மணிக்கு ஓடும் தண்ணீர்

வாஷிங் மெஷினுக்கு அடியிலும் சிங்க்குக்கு அடியிலும் வைக்கிற மாதிரி உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அடிப்பக்கம் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். தரையில் தண்ணீர் பரவி இரண்டையும் தொட்டதும் மின்சுற்று முழுமையாகி, பெட்டி வீடே அதிரக் கத்தும்.

கத்தினால் என்ன செய்ய வேண்டும்? பலரும் முதலில் துணியைத் தேடி ஓடுவார்கள். அது தப்பு. தண்ணீர் பிளக் பாயிண்ட் பக்கம் போகிறது என்றால் ஈரத்தில் கால் வைக்காமல் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அடுத்து மெயின் வால்வை மூட வேண்டும். எங்கே ஒழுகுகிறது என்ற ஆராய்ச்சி எல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த "முதலில் வால்வை மூடு" என்ற சங்கதிக்கு ஒரு சுவாரஸ்யமான வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்த லிவர்பூல் நகரத்துக்குப் போக வேண்டும்.

லிவர்பூல் அப்போது பெரிய துறைமுகம். பஞ்சு வந்து இறங்கும், ஆட்கள் வந்து இறங்குவார்கள், ஊர் வீங்கிக்கொண்டே போனது. தனியார் கம்பெனிகளின் கையிலிருந்த தண்ணீர் விநியோகத்தை மாநகராட்சி 1847இல் கிடைத்த சட்டத்தின் மூலம் தன் கைக்கு மாற்றியது. தாமஸ் ஹாக்ஸ்லி என்ற பொறியாளர் ரிவிங்டன் பகுதியில் ஏரிகளைக் கட்டி, 1857 வாக்கில் நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார். 24 மணி நேரமும் தண்ணீர் என்பது கனவு. கொஞ்ச காலம் அது பலித்தது. 1860களில் வறட்சி வந்ததும், "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரைதான்" என்ற முறைக்கு நகரம் இறங்கியது.

(நேரம் வைத்துத் தண்ணீர் விடுவது எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!)

பணக்கார வீட்டில் தொட்டி இருக்கும், நிரப்பிக்கொள்வார்கள். ஆனால் லிவர்பூல் ஏழைகள் பலர் இருந்தது குறுகலான முற்றத்தைச் சுற்றிக் கட்டிய நெரிசல் வீடுகளில். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே குழாய். வருகிற நேரத்தில் பிடித்தால் உண்டு. எப்போது வரும் என்று தெரியாததால் குழாயைத் திறந்தே வைத்துவிட்டுப் போவார்கள், அதனால் இன்னும் வீணாகும். இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் நிற்கிற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போனதோ, அதே ஓட்டை வழியாக மண்ணில் ஊறிய சாக்கடை உள்ளே வரும். 1849, 1866 போன்ற ஆண்டுகளில் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்த ஊர் அது.

பழி வழக்கம்போல மக்கள் மேல்தான் விழுந்தது. ஜனங்கள் வீணடிக்கிறார்கள் என்று பகலில் வீடு வீடாக ஆள் அனுப்பி சோதனை போட்டார்கள். பகலில் ஊரே தண்ணீர் புழங்கும்போது எது செலவு, எது கசிவு என்று எப்படிப் பிரிப்பது?

1871இல் நகரப் பொறியாளராக வந்தவர் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் டீகன். இவருடைய முன்கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1865இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் கிளம்பியபோது, பிற்பாடு கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனுக்கு உதவியாளராக இவரும் போயிருந்தார். கம்பியைக் கடலுக்குள் இறக்க இறக்க, உறையில் எங்காவது ஓட்டை விழுந்து மின்சாரம் கசிகிறதா என்று கப்பலில் இருந்தபடியே இடைவிடாமல் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் கசிவைக் கருவி வைத்துப் பிடிப்பது எப்படி என்ற பாடத்தை டீகன் அங்கேதான் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

1873இல் அவர் ஒரு மீட்டரைச் செய்தார். கீழே போகப் போக அகலமாகும் ஒரு கூம்புக் குழாய். அதற்குள் எதிர்எடை கட்டிய கம்பியில் ஒரு தட்டு தொங்கும். தண்ணீர் வேகமாக ஓடினால் தட்டு கீழே இறங்கும், ஓட்டம் குறைந்தால் மேலே ஏறும். கம்பியோடு ஒரு பென்சில். கடிகார இயந்திரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தில் அந்தப் பென்சில் இராப்பகலாகக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும்.

சில ஆயிரம் பேர் வசிக்கும் பகுதிக்கு இப்படி ஒரு மீட்டர். காலையில் கோடு துள்ளும், மதியம் ஆடும், ராத்திரி அடங்கும். ஊர் தூங்கும் மூன்று மணிக்குக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரவேண்டும். வராமல் உயரத்திலேயே ஆடாமல் அசையாமல் ஓடினால்? அது மனிதர் குடிக்கிற தண்ணீர் இல்லை. கசிவு!

ஆனால் கோடு வெறும் சேதிதான். எழுந்து போவதற்கு ஆள் வேண்டும். ராத்திரி ஊழியர் ஒருவர் நீளமான இரும்புச் சாவியோடு தெருவில் நடப்பார். ஒவ்வொரு வீட்டுக்குமான வால்வின் மேல் சாவியை ஊன்றி, மறு முனையில் காதை வைப்பார், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரி. உள்ளே 'உஸ்' என்று இரைந்தால் அந்த வால்வை மூடிவிட்டு, வீட்டையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். காலையில் குறிப்பையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 2.40க்கு மூடிய வால்வுக்கு நேராகக் கோடு ஒரு படி இறங்கியிருக்கும். எந்த வீடு, எவ்வளவு என்று இரண்டுமே தெரிந்துவிடும்! வால்வை மூடுவதே தேடுவதற்கான வழி. பகலில் குறிப்பிட்ட வீட்டின் கதவை மட்டும் தட்டினால் போதும்.

கணக்குப் போட்டால் இதன் அருமை புரியும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்றால் நாலேகால் லிட்டர் சொச்சம்தான். ஆனால் மண்ணுக்கு அடியில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சத்தமில்லாமல் போகும் ஓட்டை ஒன்றே நாளைக்கு 1,440 லிட்டர் குடிக்கும். சொட்டும் குழாயை எல்லோரும் திட்டுவார்கள். இதை யாரும் பார்ப்பதே இல்லை.

1870களின் நடுவில் லிவர்பூலுக்குத் திரும்பவும் 24 மணி நேரத் தண்ணீர் கிடைத்தது. ஓட்டைகளை அடைத்தே கொடுத்தார்கள். இன்றும் குடிநீர் வாரியங்கள் உலகெங்கும் பார்ப்பது நள்ளிரவு ஓட்டத்தைத்தான். இடைவிடாமல் தண்ணீர் ஓடினால் தானாகச் செய்தி அனுப்பும் வீட்டு மீட்டர்களுக்கும் அடிப்படை இதே யோசனைதான்.

ஆனால் ஊர் வளர்வது நிற்கவில்லை. 1880களில் வேல்ஸ் நாட்டின் வைர்ன்வி பள்ளத்தாக்கில் பெரிய கல்லணை கட்டினார்கள். கட்டியவர்கள் ஹாக்ஸ்லியும் டீகனும். ஹாக்ஸ்லி பாதியில் விலக, டீகன் முடித்தார். சான்வுதின் என்ற பழைய கிராமம் அதன் சர்ச்சோடும் வீடுகளோடும் தண்ணீருக்கு அடியில் போனது. மக்களுக்குச் சற்றுத் தள்ளிப் புது ஊர் கட்டித் தந்தார்கள். 1892இல் அந்தத் தண்ணீர் லிவர்பூலுக்கு வந்து சேர்ந்தது.