ஆனைகட்டிக்கும் தயிருக்கும் என்ன சம்பந்தம்?

1/ கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

கோயம்புத்தூருக்கு மேற்கே ஆனைகட்டி. அந்த மலையடிவார ஊர்கள்ல இருக்கிற இருளர் பிள்ளைங்க சிலருக்குத் திடீர்னு எலும்புக்குள்ள தாங்க முடியாத வலி வரும், கண் மஞ்சளாகும். வெறும் காமாலைன்னு டாக்டர்களான நாங்களே தப்பா நெனைக்கறதும் உண்டுங்க. நோயின் பெயர் சிக்கிள் செல் ரத்தசோகை.

2/ இது ஆப்பிரிக்கர்களின் நோய் என்றே உலகம் நம்பியிருந்தது. 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, இங்கேயும் இருக்கு என்று எழுதினார்கள். அதாவது இந்தியாவில் இந்த நோயின் வரலாறு தொடங்குவதே நம்ம மலையில்தான்.

3/ ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அவ்வளவுதான். ஆக்சிஜன் குறைந்தால் உருண்டையான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும். அதுதான் வலி.

ஒரு எழுத்துதானே, போய் வெட்ட ஒரு கத்தரி கிடைக்காதா?

கிடைச்சுது. மருந்துக் கம்பெனியில இல்லைங்க, பாக்டீரியாவுக்குள்ள.

4/ 1987, ஜப்பானின் ஒசாகா. இஷினோ குழுவினர் ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார்கள். ஏன்னு புரியல. பிறகு ஸ்பெயினில் உப்பள நுண்ணுயிர்களை ஆராய்ந்த மொஹிகா, 2005-ல் பதிலைச் சொன்னார்: அந்த வரிகளுக்கு இடையே இருக்கும் துண்டுகள் வைரஸ்களின் டி.என்.ஏ.! அந்தக் கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன.

5/ இப்ப தயிர். தயிர் ஆலைகளில் உறை பாக்டீரியாவை ஃபாஜ் என்ற வைரஸ் அழித்தால் மொத்தப் பாலும் வீண். 2007-ல் டானிஸ்கோ நிறுவனத்தின் பராங்கு, ஹோர்வத் குழுவினர், ஃபாஜ் தாக்கியும் பிழைத்த பாக்டீரியாவைப் பார்த்தார்கள். அந்த ஃபாஜின் துண்டு புதுசா அதற்குள் சேர்ந்திருந்தது. துண்டை எடுத்துவிட்டால் எதிர்ப்பும் போச்சு. பாக்டீரியாவுக்கும் நோய் எதிர்ப்பு நினைவு உண்டு!

6/ எப்படி வேலை செய்யுது? போலீஸ் ஸ்டேஷனில் பழைய திருடன் போட்டோ மாட்டி வைப்பாங்க இல்லையா, அந்த மாதிரி. அந்தத் துண்டின் ஆர்.என்.ஏ. நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேஸ்9 என்ற புரதம் ரோந்து போகும். பொருந்தும் டி.என்.ஏ. வந்தால் இரண்டு இழையையும் வெட்டும்.

தன்னோட ஆல்பத்தையே வெட்டாதா? வெட்டாது. வைரஸின் வரியை ஒட்டி ஒரு குட்டி அடையாளம் இருந்தால்தான் வெட்டும். ஆல்பத்தில் அது கிடையாது.

7/ 2012-ல் சார்பென்டியே, டௌட்னா இருவரும் போட்டோவை மாற்றினால் கத்தரி நாம சொல்ற இடத்தில் வெட்டும் என்று காட்டினார்கள். 2020-ல் நோபல். 2023 இறுதியில் பிரிட்டன், அமெரிக்காவில் காஸ்ஜெவி சிகிச்சைக்கு அனுமதி.

சுவாரசியம் என்னன்னா, அது அந்தத் தப்பான எழுத்தைத் தொடுவதே இல்லை. கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினை அணைத்து வைத்திருக்கும் சுவிட்சை வெட்டிவிடுகிறது. பழைய நல்ல ஹீமோகுளோபின் மறுபடி ஊறுகிறது.

8/ விலை? அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். கூடவே கடுமையான கீமோதெரபி. ஆனைகட்டிக்கு இது எப்ப வரும்?

டெல்லி ஐ.ஜி.ஐ.பி.யில் தேபஜோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைதி குழு பல வருஷமா இதில் உழைக்கிறது. 2020-ல் ஃபெலுடா என்ற கொரோனா டெஸ்ட் இதே கத்தரி நுட்பத்தில் வந்ததுதான். 2025 நவம்பரில் சிக்கிள் செல்லுக்கான நம் நாட்டுச் சிகிச்சை 'பிர்சா 101' என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. பழங்குடிப் போராளி பிர்சா முண்டாவின் பெயர். பெயர் வச்சாச்சு, மக்களுக்குப் போய்ச் சேரணும்.

9/ அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை எளிது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வலி வருவதைக் குறைக்கும். கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. கேரியராக இருப்பது நோய் அல்ல, அவமானமும் அல்ல.

10/ 1952-ல் ரத்தம் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னமும் அந்த மலையில் இருக்காங்க. கத்தரி கிடைச்சாச்சு. அது அவங்க கைக்குப் போற அன்னிக்குத்தான் இந்த வரலாறு முடியும்ங்க.